ஜோகூர்ப் பெருந்திட்டங்களில் இடர் மேலாண்மை

மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள மாநிலம் ஜோகூர். சிங்கப்பூரிலிருந்து அதைப் பிரிப்பது சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் அளவே அகலமுள்ள நீரிணை. மாநிலத்தின் பெரிய அரசுக் கட்டுமானங்களில் பல இந்த நீரிணையைக் கடக்கவோ அதன் கரைவரை ஆள்களையும் சரக்கையும் கொண்டுவந்து சேர்க்கவோ எழுந்தவை. ஒரு திட்டம் எங்கே தடைபடக்கூடும், தடைபட்டால் எவ்வளவு பணமும் காலமும் போகும், அந்த இழப்பை யார் ஏற்பது என்பவற்றை முதல் கல் விழுவதற்கு முன்பே தீர்மானிப்பதை இடர் மேலாண்மை என்கிறோம். ஜோகூரில் இதன் வரலாறு கரையானில் தொடங்கி ஒப்பந்த ஷரத்துகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சேற்றையும் ஆழத்தையும் அளக்க இங்குள்ள பொறியாளர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். அண்டை நாட்டின் சம்மதத்தையும் அடுத்த அரசாங்கத்தின் மனத்தையும் கணக்கில் எடுக்கத்தான் நீண்ட காலம் பிடித்தது.

தொடக்க கால ரயில் பாதைகள்

1869-இல், அப்போது மகாராஜாவாக இருந்த அபு பக்கார், ஜோகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு ரயில் பாதை போடத் தொடங்கினார். இரும்பு விலை அதிகம், காட்டில் மரம் ஏராளம் என்பதால் தண்டவாளமும் மரத்திலேயே அமைந்தது. வெப்பமண்டல ஈரத்தையும் கரையானையும் அந்த மரம் தாங்கவில்லை, பாதை கைவிடப்பட்டது. மலிவான பொருளைத் தேர்ந்தெடுத்ததால் மிஞ்சிய பணமும் அந்தப் பாதையோடு போயிற்று.

மூவாரில் 1890-இல் ஒரு சிறு ரயில் பாதை திறக்கப்பட்டு 1929 வரை ஓடியது. மாநிலத்தை ஊடறுத்த பெரிய பாதை அதற்குப் பின் வந்தது. 1904-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு பணம் கொடுக்க, கெமாஸிலிருந்து ஜோகூர் பாரு வரை சுமார் 190 கி.மீ. நீளப் பாதை 1909-இல் முடிந்தது. யார் செலவழிப்பது, யார் நடத்துவது, பாதை யாருக்குச் சொந்தம் என்பவை வேலைக்கு முன்பே எழுத்தில் இருந்தன. மரத் தண்டவாளக் காலத்தோடு ஒப்பிட்டால் இதைப் பெரிய முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

கடற்பாலம், 1919–1924

ரயில் ஜோகூர் பாருவோடு நின்றுவிட்டதால் சரக்குப் பெட்டிகள் படகேறிச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் போய்ச் சேர வேண்டியிருந்தது. ரப்பரும் வெள்ளீயமும் பெருகப் பெருகப் படகுத்துறை நெரிசலில் திணறியது. கூட்டு மலாய் மாநிலங்களின் பொதுப்பணி இயக்குநர் எயர் கென்னி 1917-இல் நிலையான கடப்பு ஒன்றைப் பரிந்துரைத்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரைச் சேர்ந்த கூட் நிறுவனத்தின் ஆலோசனைப் பொறியாளர்கள் 1918-இல் திட்டம் வரைந்தார்கள்.

இரும்புப் பாலமா, கல் கொட்டி எழுப்பும் அணையா என்பதுதான் அடிப்படையான தேர்வு. உப்புநீரில் நிற்கும் இரும்புக்கு ஓயாத பராமரிப்பு தேவை. கருங்கல்லோ பூலாவ் உபினிலும் புக்கிட் தீமாவிலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. எனவே 1,056 மீட்டர் நீளமும் சுமார் 18 மீட்டர் அகலமும் கொண்ட கல்லணை முடிவாயிற்று. மேலே இரண்டு ரயில் தடங்களும் ஒரு சாலையும், ஜோகூர்க் கரையோரம் கப்பல்கள் கடக்க இரு முனையிலும் கதவுள்ள கால்வாயும், அதன் மீது தூக்குப் பாலமும், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்த மதகுகளும் திட்டத்தில் இருந்தன.

டோப்பம், ஜோன்ஸ் அண்ட் ரெயில்டன் நிறுவனம் 1919 ஜூனில் குத்தகையைப் பெற்றது. மதிப்பீடு 1 கோடியே 70 லட்சம் நீரிணை டாலர். வேலை நடந்த வரிசையில்தான் பொறியாளர்களின் முன்யோசனை தெரிகிறது. நடு நீரிணையில் கல் கொட்டுவதற்கு முன்னால் அவர்கள் கப்பல் கால்வாயைக் கட்டத் தொடங்கினார்கள். அணை வளர வளரக் கடல்வழி அடைபடும்; அதற்குள் மாற்று வழி ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. 1920 ஏப்ரல் 24 அன்று ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்ட் முன்னிலையில் முதல் கல் சுமை நீரில் இறங்கியது. ஏறத்தாழ 2,000 தொழிலாளர்கள் உழைத்தார்கள். 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும், அடுத்த மாதம் பயணிகள் ரயிலும் கடந்தன. 1924 ஜூன் 28 அன்று முறையான திறப்பு விழா நடந்தது.

பொறியாளர்கள் கணக்கில் எடுத்த இடர்கள் எதுவும் அணையை அசைக்கவில்லை. ஆனால் 1942 ஜனவரி 31 அன்று, ஜப்பானியரிடமிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை வெடிவைத்துச் சுமார் 21 மீட்டர் பகுதியைத் தகர்த்தது. தூக்குப் பாலமும் போயிற்று. ஜப்பானியர் உடைப்பை விரைவில் இணைத்தார்கள். கப்பல் கால்வாய் மட்டும் மீளவில்லை. கிழக்கு மேற்காகப் பாய்ந்த நீரோட்டத்துக்கு அணை தடையாயிற்று, கப்பல்களுக்கும் வழியில்லை. நீரிணை இரண்டு குடாக்களாகவே ஆனது. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டை மலேசியச் சட்டம் கட்டாயமாக்கியது 1988-இல்தான். 1918-இல் வரைபடம் தீட்டியவர்களிடம் அத்தகைய ஆய்வைக் கேட்பார் யாருமில்லை. அன்று எழுதாமல் விட்ட அந்த விளைவு எண்பது ஆண்டுகளுக்குப் பின் அரசியல் வழக்காக எழுந்தது.

மூவார்க் களிமண் சோதனை

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைக்கு வழி வகுத்தபோது மூவார்ச் சமவெளியில் பொறியாளர்களுக்கு முன் நின்றது கடற்களிமண். மேலே இரண்டு மீட்டர் அளவுக்குக் காய்ந்த ஓடு. அதன் கீழ் 15 மீட்டருக்கும் மேலாக நீர் செறிந்த மென்களிமண். இதன் மேல் மண்மேடு எழுப்பினால் ஒன்று ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும், அல்லது திடீரென்று சரியும்.

மலேசிய நெடுஞ்சாலை வாரியம் அப்போது செய்த காரியம், ஜோகூரின் கட்டுமான வரலாற்றிலேயே மிகவும் மெச்சத்தக்கது. உண்மையான சாலையைப் போடுவதற்கு முன், மூவார்த் தரையில் பத்துக்கும் மேற்பட்ட சோதனை மேடுகளை எழுப்பியது. ஒன்றில் செங்குத்து வடிகால்கள், இன்னொன்றில் மணல் தூண்கள், வேறொன்றில் வெற்றிட அழுத்தம், மற்றொன்றில் மின்சாரம் பாய்ச்சி நீரை இழுக்கும் முறை என்று ஒவ்வொன்றிலும் ஒரு சிகிச்சை. களிமண்ணுக்குள் புதைத்த கருவிகள் அமிழ்வையும் பக்கவாட்டு நகர்வையும் நீரழுத்தத்தையும் அளந்துகொண்டே இருந்தன.

அவற்றில் ஒரு மேட்டுக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. அது சரியும்வரை மண் கொட்டிக்கொண்டே போவது என்று முடிவு செய்தார்கள். அது எந்த உயரத்தில் சரியும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும்படி உலகெங்கும் உள்ள மண்ணியல் வல்லுநர்களை அழைத்தார்கள். சுமார் 100 நாள்கள் மண் ஏற்றியபின் 5.4 மீட்டர் உயரத்தில் மேடு சரிந்தது. 1989 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய பன்னாட்டுக் கருத்தரங்கில் கணிப்புகளையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே மண், ஒரே ஆய்வுத் தரவு. இருந்தும் கணிப்புகள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி இருந்தன.

ஓர் அரசு நிறுவனம் தன் பணத்தில் ஒரு மேட்டைக் கட்டி, அது இடிந்ததை உலகறியச் சொன்னது சாதாரணமான காரியமல்ல. நிபுணர் ஒருவரின் ஒற்றை எண்ணை நம்பி நெடுஞ்சாலை போட்டிருந்தால் அந்தச் சரிவு வாகனங்கள் ஓடும் சாலையில் நேர்ந்திருக்கக்கூடும். நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறந்தது. மூவார் மேட்டின் தரவுகள் மண்ணியல் ஆய்வுகளில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன.

பாதி நீரிணைக்கு ஒரு பாலம்

1998 ஜனவரியில் ஜோகூரின் தஞ்சோங் குப்பாங்கையும் சிங்கப்பூரின் துவாஸையும் இணைக்கும் இரண்டாவது இணைப்பு போக்குவரத்துக்குத் திறந்தது. தூண்களின் மேல் நிற்கும் 1,920 மீட்டர் பாலம் அது. அடியில் நீர் தடையின்றி ஓடுகிறது. 1994-இல் இரு அரசுகளும் உடன்பாடு கண்டு, தத்தம் பகுதியைத் தாமே கட்டின.

பழைய கடற்பாலத்தை அகற்றிவிட்டு அதே இடத்தில் உயரமான பாலம் கட்ட வேண்டும் என்று அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீரின் அரசு விரும்பியது. அடைபட்ட நீர் ஓடும், கப்பல்கள் கடக்கும் என்பது வாதம். சிங்கப்பூர் அதைத் தனித்த கேள்வியாகப் பார்க்கவில்லை. மலேசியா விற்கும் நீரின் விலை, சிங்கப்பூருக்குள் இருந்த மலாயா ரயில்வே நிலம், வான்வெளி, மணல் எல்லாம் ஒரே மேசைக்கு வந்தன. 1990 நவம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுடினும் கையெழுத்திட்ட ரயில்வே நில உடன்பாட்டையே இரு தரப்பும் இரண்டு விதமாகப் பொருள்கொண்டிருந்த காலம் அது.

பேச்சு முடியாத நிலையில், 2003-இல் மலேசியா தன் பாதியை மட்டும் கட்டுவதென்று முடிவெடுத்தது. நீரிணையின் பாதிக்குள்ளேயே 25 மீட்டர் உயரம் ஏறி இறங்க வேண்டும். அதற்கு நேர்கோட்டில் நீளம் போதாது. எனவே பாலம் வளைந்து வளைந்து போகும்படி வரையப்பட்டது. ‘வளைந்த பாலம்’ என்று மக்கள் வாயில் நிலைத்த அந்தத் திட்டம், அன்றைய பொதுப்பணி அமைச்சர் சாமிவேலுவின் பொறுப்பில் இருந்தது. 2006 ஏப்ரல் 12 அன்று பிரதமர் அப்துல்லா அகமது படாவி அதைக் கைவிடுவதாக அறிவித்தார். சட்டச் சிக்கல்களையும், சிங்கப்பூருக்கு மணல் விற்பதிலும் வான்வெளியை விடுவதிலும் மக்களுக்கு இருந்த எதிர்ப்பையும் அவர் காரணங்களாகச் சொன்னார்.

வளைவு பொறியியலால் முடியாததல்ல. கடற்பாலத்தின் மறுபாதி இன்னொரு நாட்டின் கையில் இருந்தது. அதன் மீது குடிநீர்க் குழாய்களும் ரயில் பாதையும் கடந்தன. அவற்றை நகர்த்த யாருடைய ஒப்புதல் தேவை என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு முன்பே குத்தகை வழங்கப்பட்டு வேலை தொடங்கியதுதான் தவறு. மூவாரில் ஒரு சிறு மேட்டுக்குக் காட்டிய பொறுமை இங்கே காணோம். பாலத்தோடு சேர வேண்டியிருந்த சுங்க, குடிநுழைவு வளாகம் மட்டும் எழுந்து, 2008 டிசம்பரில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடமாகத் திறந்தது. வராத பாலத்துக்கென எழுந்த அந்த வளாகத்தை இணைப்புச் சாலைகள் போட்டுப் பழைய கடற்பாலத்தோடு சேர்த்தார்கள்.

விதிகளும் ஆய்வுகளும்

இதே காலத்தில் உலக அளவிலும் பார்வை மாறிக்கொண்டிருந்தது. டென்மார்க்கின் பெண்ட் ஃப்ளூப்யர்க் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களைப் பார்த்தது. பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. ரயில் திட்டங்களின் சராசரி மிகுசெலவு ஏறத்தாழ 45 விழுக்காடு. தொடக்க மதிப்பீடுகள் குறைவாக இருப்பது தற்செயல் அல்ல என்று அவர்கள் வாதிட்டார்கள். மலேசியாவில் பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு 2009-இல், 5 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் மதிப்புள்ள அரசுத் திட்டங்களுக்கு செலவுக்கேற்ற பயன் கிடைக்குமா என்று பார்க்கும் மதிப்பு மேலாண்மை ஆய்வைக் கட்டாயமாக்கியது. குத்தகையாளர் ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடாக வைக்கும் உறுதிப் பிணையும், தாமதத்துக்கான இழப்பீட்டு ஷரத்தும் முன்பே இருந்தவை. குத்தகையாளர் தவறினால் அவை அரசைக் காக்கும். அரசே மனம் மாறினால் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

இரண்டு ரயில்கள்

அந்த விடையைப் பன்னாட்டு ஒப்பந்தங்கள் கொண்டுவந்தன. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயிலுக்கான ஒப்பந்தம் 2016 டிசம்பர் 13 அன்று கையெழுத்தானது. சுமார் 350 கி.மீ. தூரத்தை 90 நிமிடத்தில் கடக்கும் திட்டம். ஜோகூரில் மூவார், பத்து பகாட், இஸ்கந்தர் புத்ரி நிலையங்கள். 2018-இல் ஆட்சி மாறியதும், புதிய அரசு கடன் சுமையைக் காட்டித் திட்டத்தை ஒத்திவைத்தது. அதற்காக 1.5 கோடி சிங்கப்பூர் டாலர் கொடுத்தது. பிறகு நடந்த பேச்சில், ரயில் தொகுதியை வழங்கி நடத்தப் பன்னாட்டு ஏலம் மூலம் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய தனி நிறுவனம் தேவையில்லை என்று மலேசியா கேட்டது. இரு நாட்டுக்கும் நடுநிலையான பாதுகாப்பு அதுதான் என்று சிங்கப்பூர் கருதியது. 2021 ஜனவரி 1 அன்று ஒப்பந்தம் முறிந்தது. மலேசியா 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் டாலர் இழப்பீடு செலுத்தியது.

ஒரு மீட்டர் தண்டவாளம்கூடப் போடாத திட்டத்துக்கு இவ்வளவு பணமா என்று ஜோகூர் மக்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலகுவதற்கு விலை என்ன என்று முன்பே எழுதியிருந்ததால்தான் மூன்று மாதத்துக்குள் கணக்கு முடிந்தது. ரயில்வே நில விவகாரத்தில் அப்படி எழுதாததன் விலை இருபதாண்டுப் பிணக்கு.

ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கி.மீ. ஆர்டிஎஸ் ரயில் இணைப்பு வேறு வழியில் தப்பியது. 2010 மே மாதம், ரயில்வே நிலச் சிக்கல் தீர்ந்த அதே சந்திப்பில் இரு பிரதமர்களும் இதை ஏற்றார்கள். 2018 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019-இல் இதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் ஒத்திவைத்த காலத்தில் திட்டத்தையே மாற்றி வரைந்தார்கள். சிங்கப்பூரின் எம்ஆர்டி நகர ரயில் பாதையோடு ஒத்த தொகுதிக்குப் பதிலாக இலகு ரயில். பணிமனை சிங்கப்பூரிலிருந்து ஜோகூர் பாருவின் வாடி ஹானாவுக்கு. மலேசியப் பங்கின் செலவு 493 கோடி ரிங்கிட்டிலிருந்து 316 கோடியாகக் குறைந்தது. 2020 ஜூலை 30 அன்று கடற்பாலத்தின் நடுவில் நின்று இரு பிரதமர்களும் பணியைப் புதுப்பித்தார்கள். 2024 ஜனவரி 11 அன்று நீரிணையின் மேல் இரு பாதிகளும் இணைந்தன. தண்ணீரிலிருந்து 25 மீட்டர் உயரம், வளைந்த பாலம் எட்ட நினைத்த அதே உயரம்தான்.

ஒப்பந்தப்படி சேவை தொடங்க 2026 இறுதியைக் கெடுவாக வைத்தார்கள். திசைக்கு மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் ஆற்றல் இந்த ரயிலுக்கு உண்டு. புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும் என்பதால் எல்லையில் காத்திருக்க வேண்டியதில்லை. நெரிசல் இடர் அதனால் புக்கிட் சாகாரின் வாசலுக்கு இடம் மாறுகிறது. அத்தனை பேரை நகருக்குள் கொண்டுசேர்க்கும் பேருந்துகளும், நடைபாதைகளும், உயர்நிலைப் போக்குவரத்துப் பாதையும் தனித்தனி அமைப்புகளின் கையில், தனித்தனிக் கால அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை ஒன்றிணைக்கும் பொறுப்பு கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் நகராண்மைக்கும் இடையில் பங்கிடப்பட்டிருக்கிறது.