ஆல்கஹால்

இந்தச் சொல்லின் முதல் பொருள் கண்மை. அரபியில் ‘அல்-குஹ்ல்’ என்றால் கண்ணுக்குத் தீட்டும் நுண்ணிய கருந்தூள். ஐரோப்பிய ரசவாதிகள் அதை எந்த மெல்லிய தூளுக்கும் பெயராக்கினார்கள். பிறகு எதிலிருந்தும் வடித்தெடுத்த சாரம் என்று பொருள் விரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் மருத்துவர் பாராசெல்சஸ் திராட்சை மதுவின் சாரத்துக்கு அதைச் சூட்ட, காலப்போக்கில் தூள் மறைந்து திரவம் மட்டும் நின்றது.

வேதியியலில் ஆல்கஹால் ஒரு குடும்பப் பெயர். மதுவில் இருப்பது எத்தனால். அதன் உறவான மெத்தனாலை ஒரு காலத்தில் மரக்கட்டையை வடித்தே எடுத்தார்கள். ‘மெத்தி’ என்றால் மது, ‘ஹூலே’ என்றால் மரம். இந்த இரு கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1834இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் டூமாவும் பெலிகோவும் ‘மெத்திலீன்’ என்ற பெயரைக் கட்டினார்கள். மெத்தனால் அதன் வழிவந்தது. பெயரில் மது இருக்கிறதே தவிர, அது குடிக்கிற பொருளே அல்ல.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயத்தில் இருந்தது இந்த மெத்தனால்தான். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சப் போடப்பட்டு, போலீசார் அழிக்கும் வெல்ல ஊறல் வேறு, இது வேறு. இது தொழிற்சாலைக் கரைப்பான். கல்லீரல் இதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் முதலில் தாக்கும் உறுப்புகளில் ஒன்று பார்வை நரம்பு. கண்மையில் பிறந்த சொல்லுக்கு இதைவிடக் கொடிய முரண் வேண்டாம். முறிவு மருந்துகளில் ஒன்று எத்தனாலே, மருத்துவமனையில், அளவோடு. ரத்தத்தில் நஞ்சு மிகுந்தால் டயாலிசிஸ்.