தூக்கிய திரை: ஜார்ஜ் எலியட்டின் ஒதுக்கி வைக்கப்பட்ட திகில் கதை

ஜார்ஜ் எலியட் என்றதும் 'மிடில்மார்ச்', 'சைலஸ் மார்னர்' போன்ற நாவல்கள்தான் நினைவுக்கு வரும். தச்சன், நெசவாளி, பாதிரியார், பால்பண்ணை என்று நிதானமாக நகரும் இங்கிலாந்துக் கிராமத்துக் கதைகள். அவர் ஒரு திகில் குறுநாவலும் எழுதியிருக்கிறார் என்று சொன்னால் இலக்கிய மாணவர்களே கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அதில் பிணம் ஒன்று கண் திறந்து பேசுகிறது என்றால் நம்பவே மாட்டார்கள்!

அந்தக் கதையின் பெயர் 'தி லிஃப்டட் வெயில்'. தமிழில் 'தூக்கிய திரை' எனலாம். 1859 ஜூலை மாத 'பிளாக்வுட்ஸ் எடின்பரோ மேகசின்' இதழில், எழுதியவர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் வாசகர்கள் இதைப்பற்றி ஒரு கருத்துக்கு வரவில்லை. முதலில் முகம் சுளித்தவர் வேறு யாருமல்ல, அதை வெளியிட்ட பதிப்பாளரே.

முதலில் அந்த ஆண்டைப் பார்த்துவிடுவோம். ஜார்ஜ் எலியட் என்பது புனைபெயர் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். 1854 முதல் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்ற எழுத்தாளரோடு திருமணமின்றி வாழ்ந்து வந்தார். லூயிஸுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, விவாகரத்துக்கு வழியில்லை. விக்டோரியா காலத்து லண்டன் இதை மன்னிக்கத் தயாராக இல்லை. அதனால் எழுதியவர் யார் என்பது ரகசியமாகவே இருக்க வேண்டியிருந்தது. 1859 பிப்ரவரியில் 'ஆடம் பீட்' வெளிவந்து சக்கைப்போடு போட்டது. நான்கு ஆண்டு பதிப்புரிமைக்கு ஜான் பிளாக்வுட் கொடுத்தது 800 பவுன். புத்தகம் ஓடிய வேகத்தைப் பார்த்து, ஒப்பந்தத்தில் இல்லாத பணத்தையும் அவரே முன்வந்து கொடுத்தார். (இப்படிப்பட்ட பதிப்பாளர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை.)

வெற்றியோடு தொல்லையும் வந்தது. நனீட்டன் பக்கத்து ஜோசப் லிகின்ஸ் என்பவர்தான் உண்மையான ஜார்ஜ் எலியட் என்று ஒரு வதந்தி கிளம்பியது. பதிப்பாளர் அவருக்குக் காசே கொடுக்கவில்லையாம், பாவம் என்று ஊரார் நிதி திரட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். அதே மார்ச் மாதம் எலியட்டின் அக்கா கிறிஸ்ஸி இறந்துபோனார். லூயிஸோடு வாழப் போனதால் குடும்பம் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்த தங்கை இவர். இந்த மனநிலையில்தான் பெரிய நாவலைத் தள்ளி வைத்துவிட்டு இந்தச் சிறிய கதையை எழுதினார். பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் இதை வழக்கத்துக்கு மாறான ஒரு சின்னக் கதை என்றும், விளையாட்டுக்கு எழுதியதல்ல, சோகத்தில் பிறந்தது என்றும் குறிப்பிட்டார்.

இனி கதை. (முடிவும் இங்கே சொல்லப்படுகிறது. தானே படித்துத் தெரிந்துகொள்ள விரும்புவோர் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.)

லாட்டிமர் என்பவன் தன் சாவைப்பற்றிச் சொல்வதோடு கதை ஆரம்பிக்கிறது. 1850 செப்டம்பர் 20 அன்று, இந்த நாற்காலியில், மார்வலியில், மணியை இழுத்து இழுத்து யாரும் வராமல் சாகப்போகிறேன் என்கிறான். வேலைக்காரர்கள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பது வரை அவனுக்குத் தெரியும். வங்கி முதலாளியின் இளைய மகன் அவன், நோஞ்சான், ஜெனீவாவில் படித்தவன். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, பார்த்தேயிராத பிராக் நகரம் கண்முன் விரிகிறது. அடுத்து, சந்திக்கப்போகும் மனிதர்கள். பிறகு, பக்கத்தில் இருப்பவர்களின் மனதில் ஓடும் அற்பமான நினைப்புகள் அத்தனையும் இரைச்சலாகக் கேட்கத் தொடங்குகின்றன. ஒரே ஒருத்தியின் மனம்தான் அவனுக்குத் தெரியவில்லை. அவள் பெர்த்தா, அண்ணன் ஆல்ஃப்ரெடுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். தெரியாததாலேயே அவள்மேல் மோகம். அவள் ஒருநாள் தன் மனைவியாகித் தன்னை வெறுப்போடு பார்க்கப்போகிறாள் என்பதையும் முன்காட்சியில் பார்த்துவிடுகிறான். பார்த்தும் ஆசை குறையவில்லை.

அண்ணன் குதிரையிலிருந்து விழுந்து சாக, லாட்டிமர் பெர்த்தாவை மணக்கிறான். தந்தை இறந்த இரவில் திரை விலகுகிறது. அவள் மனதுக்குள் எட்டிப்பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. வெறுமையும் சுயநலமும் மட்டும். ஆண்டுகள் ஓடுகின்றன, அவனுடைய சக்தியும் மங்குகிறது. பெர்த்தாவின் பணிப்பெண் திருமதி ஆர்ச்சர் வயிற்று அழற்சியில் சாகக் கிடக்கும்போது, பழைய நண்பனான மருத்துவர் மூனியே அந்த வீட்டில் விருந்தாளி. உயிர் போனதும் தன் கையிலிருந்தே ரத்தத்தை அவள் உடலில் ஏற்றிச் சோதித்துப் பார்க்கிறார். பிணம் கண் திறக்கிறது. எசமானியைப் பார்த்து, உன் கணவனுக்கு விஷம் வைக்கப் பார்க்கிறாய், அந்த விஷத்தை வாங்கித் தந்தவள் நான்தான் என்று சொல்லிவிட்டு மறுபடி சாகிறது.

இந்தக் கைப்பிரதியைப் படித்த ஜான் பிளாக்வுட், 1859 மே மாதம் மிகவும் பண்பான ஒரு கடிதம் எழுதினார். எழுத்து அழகு, சிந்தனை ஆழம் என்றெல்லாம் பாராட்டிவிட்டு, கதைப்பொருள் இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியானதாக இருந்திருக்கலாம், ஏதோ கவலையில் இருந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது என்று விசாரித்தார். பிணத்துக்கு உயிர் கொடுக்கும் காட்சி பிடிக்கவில்லை, எடுத்துவிடலாமே என்றும் சொன்னார். எலியட் எடுக்கவில்லை.

சன்மானம் 37 பவுன் 10 ஷில்லிங். லிகின்ஸ் வதந்திக்கு முற்றுப்புள்ளி வைக்க இந்தக் கதையோடு ஜார்ஜ் எலியட் பெயரைப் போடலாமே என்று லூயிஸ் யோசனை சொன்னார். பிளாக்வுட் மறுத்துவிட்டார். அந்தப் பெயரின் மதிப்பை இப்படி ஒரு சில்லறைக் கதையில் செலவழிக்கக் கூடாது என்பது அவர் வாதம். வணிகம் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். 'ஆடம் பீட்' வாங்கியவர் அடுத்ததாக எதிர்பார்ப்பது இன்னொரு 'ஆடம் பீட்'. பிராண்டின் நன்மதிப்பு கணக்கேட்டில் கண்ணுக்குத் தெரியாத சொத்து. தவறான சரக்கில் ஒட்டினால் தேய்ந்துபோகும். வியாபாரியாக பிளாக்வுட் செய்தது சரிதான். வாசகராக அவர் கோட்டைவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அவர் வெட்டச் சொன்ன காட்சியில்தான் கதையின் விஷயமே இருக்கிறது. எல்லார் மனதையும் படிக்கத் தெரிந்தவன், நாளைய சாவின் நிமிஷம் வரை அறிந்தவன், தன் வீட்டுக்குள்ளேயே தனக்கு விஷம் வைக்கும் திட்டம் நடப்பதை அறியவில்லை. அதை அவனுக்குச் சொல்ல ஒரு பிணம் எழுந்து வர வேண்டியிருந்தது. இதைவிடக் கசப்பான கிண்டல் எலியட்டின் பெரிய நாவல்களில்கூடக் கிடையாது. 'ஆடம் பீட்' முதல் 'மிடில்மார்ச்' வரை அவர் வலியுறுத்திய கொள்கை ஒன்று உண்டு. அடுத்தவரின் மனதுக்குள் போய்ப் பார், அப்போது இரக்கம் பிறக்கும் என்பது அது. இந்தக் கதை அந்தக் கொள்கையைத் தலைகீழாக்குகிறது. லாட்டிமர் எல்லார் மனதுக்குள்ளும் போகிறான்; இரக்கம் வரவில்லை, குமட்டல்தான் வருகிறது. தன் கொள்கைக்கு எதிரான வழக்கை ஓர் ஆசிரியரே இவ்வளவு பலமாக வாதாடுவது அபூர்வம். அதுவும் தன் சொந்த ரகசியத்தின் திரையை ஊரே இழுத்துக்கொண்டிருந்த மாதங்களில்!

கதைக்கு நடுவே ஓர் இடம் வருகிறது. எதிர்காலம் முழுதும் தெரிந்துவிட்டது, ஒரே ஒரு நாள் மட்டும் மறைவாக இருக்கிறது என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? அந்த ஒரு நாளின்மேல் மொத்த ஆசையையும் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், பங்குச்சந்தை உட்பட, என்கிறான் லாட்டிமர். ஐயம் இருக்கும்வரைதான் சந்தை, ஐயம் இருக்கும்வரைதான் காதல். நாளைய விலை எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் இன்று வாங்குவதற்கும் விற்பதற்கும் யார் இருப்பார்கள்?

ரத்தம் ஏற்றும் காட்சியை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. மனிதருக்கு மனித ரத்தம் ஏற்றும் முயற்சியை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல் 1818-லேயே தொடங்கிவிட்டார். பிரௌன்-செகார் என்ற உடலியல் அறிஞர் 1851-ல் பாரிஸில் தலை வெட்டப்பட்ட கைதி ஒருவனின் கையில் தன் ரத்தத்தையே செலுத்தி, விறைத்த தசை மறுபடி அசைகிறதா என்று பார்த்தார். லூயிஸும் அந்த நாட்களில் உடலியல் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர். இந்தப் பேச்செல்லாம் எலியட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்திருக்கக்கூடியதுதான். பிராக் நகரமும் அப்படித்தான். 1858 கோடையில் எலியட்டும் லூயிஸும் அங்கே போய் வந்தார்கள்.

அதற்குப் பிறகு கதை அடுக்கின் அடியில் கிடந்தது. 1866-ல் பிளாக்வுட் இதையும் 'பிரதர் ஜேக்கப்' என்ற இன்னொரு சிறுகதையையும் சேர்த்து, இரண்டும் கெட்டிக்காரத்தனமாக இருக்கின்றன, ஆனால் வெளிச்சம்தான் போதவில்லை என்கிற மாதிரி எழுதினார். 1873-ல் அவரே மனம் மாறி, தன் கதைத்தொகுப்பு வரிசையில் சேர்க்கலாமா என்று கேட்டார். இப்போது எலியட் மறுத்தார். ஆனால் இந்தக் கதையின் வேதனையை அதன் கருத்து நியாயப்படுத்துகிறது, அந்தக் கருத்து தனக்கு முக்கியம் என்று சொல்லி, முகப்பில் போட நான்கு வரிகளும் எழுதிக் கொடுத்தார். அதிக அறிவு வேண்டாம், தோழமைக்குத் தேவையான அளவு போதும் என்று கேட்கும் பிரார்த்தனை அது. 1878-ல் வந்த கேபினட் பதிப்பில்தான், 'சைலஸ் மார்னர்' புத்தகத்தின் வாலாக, கதை முதன்முதலாக அவர் பெயரோடு அச்சானது. 19 ஆண்டுகள்!

அந்த ஆண்டே ஹென்றி ஜேம்ஸ் அமெரிக்காவின் 'தி நேஷன்' இதழில் இரு சிறுகதைகளையும் பற்றி எழுதினார். அடிக்கடி விளையாடாத ஒரு மனதின் விளையாட்டுகள் என்பது அவர் பார்வை. எலியட் 'விளையாட்டல்ல' என்று சொல்லியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்! 1879 பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் பிளான்ஷோன் என்பவர் ரத்தம் ஏற்றும் காட்சியைப் பெரிய ஓவியமாகவே வைத்தார். இங்கிலாந்துப் பதிப்பாளர் மறைக்கப் பார்த்த காட்சி பிரெஞ்சுக்காரரின் சுவரில் தொங்கியது.

20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் இது எலியட் வரிசையில் சேராத கதையாகவே இருந்தது. 1968-ல் நோப்ஃப்ல்மாக்கர், எலியட்டின் ஆரம்ப நாவல்களைப்பற்றிய தன் நூலில் இதையும் எடுத்துக்கொண்டு விவாதித்தார். பெரிய திருப்பம் வந்தது 1979-ல். சாண்ட்ரா கில்பர்ட், சூசன் குபார் இருவரும் 'தி மேட்வுமன் இன் தி அட்டிக்' நூலில் இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். கவிஞனின் மனம் இருந்தும் ஒரு கவிதைகூட எழுத முடியாத, பலவீனமான, பிறரால் தீர்மானிக்கப்படும் லாட்டிமரின் நிலை அந்தக் காலத்துப் பெண்ணின் நிலை என்று அவர்கள் படித்தார்கள். 1983-ல் டெர்ரி ஈகிள்டன் அறிவும் அதிகாரமும் என்ற கோணத்தில் எழுதினார். 1985-ல் விராகோ தனிப் புத்தகமாகவே வெளியிட்டது, 1999-ல் ஆக்ஸ்போர்டு. இப்போது புராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே மாலையில் படித்துவிடலாம்.

படிப்பவர்கள் இன்றும் இரண்டாகத்தான் பிரிகிறார்கள். பேய் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். முக்கால் கதை வரை ஓர் ஆள் புலம்புகிறான், கடைசியில் திடீரென்று ஆய்வுக்கூடம் வருகிறது என்பது அவர்கள் புகார். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. லாட்டிமரின் தன்னிரக்கம் சில பக்கங்களில் அலுப்பூட்டுகிறது. இன்னொரு பக்கம், போவையும் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலையும் விரும்பிப் படித்தவர்கள் இதைத் தங்கள் அலமாரியில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. அவர்கள் பெர்த்தாவின் பக்கம் நின்று கேட்கிறார்கள். அவள் கெட்டவள் என்று சொல்வது யார்? எல்லாவற்றையும் அறிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அவள் கணவன். தன் மனதுக்குள் யாரோ ஒருவன் ஓயாமல் எட்டிப்பார்க்கும் வீட்டில் ஏழு நாள் இருந்து பார்த்தால் நல்லவளும் என்ன ஆவாள்? ஆனால் ஆர்ச்சர் சொன்னதை லாட்டிமர் மட்டும் கேட்கவில்லை, மூனியேவும் கேட்டார். இருவரும் அதை வெளியே சொல்வதில்லை என்று முடிவு செய்கிறார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. லாட்டிமர் ஊர் ஊராக அலைகிறான். பெர்த்தா பாதிச் சொத்துக்கு உரியவளாக, அக்கம்பக்கத்தாரின் அனுதாபத்தோடு தன் ஊரிலேயே வாழ்கிறாள்.