டெஸ்டோஸ்டெரோன்: ஒரு மருந்துச்சீட்டின் வரலாறு

டெஸ்டோஸ்டெரோன் எண்டதும் எங்கட பெடியளுக்கு முதலில் ஞாபகம் வருவது ஜிம்தான். உடம்பு ஏறும், தாடி அடர்த்தியாக வரும், களைப்புப் போகும், ஒரு ஊசியோட எல்லாம் சரி எண்டு யாராவது சொல்லியிருப்பார்கள். அதே மருந்துக்காக மருத்துவரிடம் போனால் கதை வேறு. காலையில் குருதிப் பரிசோதனை, இன்னொரு நாள் திரும்பவும் அதே பரிசோதனை, பிள்ளை பெறும் யோசனை இருக்கிறதா எண்டு ஒரு கேள்வி, சில மாதம் கழித்து வரச் சொல்லி ஒரு திகதி. ஒரு ஊசிக்கு ஏன் இவ்வளவு இழுபறி எண்டு சலிப்பு வரும்.

அந்த இழுபறி சும்மா வந்ததல்ல. அதில் பல விதிகள் யாரோ சிலரின் உடம்பு பட்ட பாட்டுக்குப் பிறகு எழுதப்பட்டவை. அந்தக் கதையைத்தான் நாங்கள் இங்கே பார்க்கப் போகிறோம்.

சேவலும் பேராசிரியரும்

1849 இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னோல்ட் பேர்தோல்ட் என்பவர் ஆறு சேவல்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். விதைகள் முற்றாக அகற்றப்பட்ட சேவல்கள் கூவவில்லை, சண்டை பிடிக்கவில்லை, அவற்றின் கொண்டை சுருங்கிப்போனது. ஆனா விதையை வெட்டி எடுத்து, வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்த சேவல்கள் வழமைபோல வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் விதை வேலை செய்கிறது எண்டால், அதிலிருந்து ஏதோ ஒன்று குருதி வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது. ஓமோன் என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

நாற்பது வருடம் கழித்து, 1889 இல், பாரிசில் பிரவுண் செக்குவார் என்ற பேராசிரியர் தன் 72 ஆவது வயதில் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளை அரைத்துப் பிழிந்த சாற்றைத் தனக்கே ஊசியாக ஏற்றிக்கொண்டார். பலம் திரும்பி வந்துவிட்டது, மாடிப்படிகளில் ஓடி ஏற முடிகிறது எண்டு அறிவியல் சங்கத்தின் முன்னாலேயே அறிவித்தார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, நரம்பியலில் பெயர் பெற்ற ஆய்வாளர். ஆனா டெஸ்டோஸ்டெரோன் நீரில் அநேகமாகக் கரையாது. அவர் ஏற்றிய நீர்ச்சாற்றில் வேலை செய்யக்கூடிய அளவு ஓமோன் இருந்திருக்க வழியில்லை. அவருக்கு வந்த பலம் அவருடைய நம்பிக்கையின் பலம்.

இது எங்களுக்கு முக்கியமான இடம். ஊசி போட்டதும் ஒருவர் நல்லாக உணர்கிறார் என்பது அந்த மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. களைப்பாக இருக்கிறது என்பதும் ஓமோன் குறைவு என்பதற்குச் சான்று ஆகாது. நித்திரை இல்லாவிட்டாலும், மனம் சோர்ந்தாலும், சோகை வந்தாலும் களைப்பு வரும். அதனால்தான் இன்று அறிகுறிகளோடு குருதியின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். டெஸ்டோஸ்டெரோன் காலையில் கூடி, நாள் போகப் போகக் குறையும். ஒரு காய்ச்சலோ நித்திரை கெட்ட இரவோ கூட அதை இறக்கிவிடும். காலையில், வெவ்வேறு இரண்டு நாட்களில் பரிசோதிப்பது இதற்காகத்தான்.

காளை விதையில் இருந்து கொலஸ்ரோலுக்கு

அந்தப் பொருளை உண்மையாகவே பிரித்தெடுப்பது பெரும் பாடு. 1927 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பிரெட் கொக்கும் லெமுவல் மக்கீயும் சுமார் 18 கிலோ காளை விதைகளில் இருந்து 20 மில்லிகிராம் பொருளை எடுத்தார்கள். சிக்காகோவில் பெரும் இறைச்சித் தொழிற்சாலைகள் இருந்தபடியால் விதைகளுக்குப் பஞ்சமில்லை. 1935 இல் அம்ஸ்ரடாமில் ஏர்ன்ஸ்ட் லக்கூரின் குழு கிட்டத்தட்ட 100 கிலோ காளை விதைகளில் இருந்து 10 மில்லிகிராம் தூய ஓமோனை எடுத்து, அதற்கு டெஸ்டோஸ்டெரோன் எண்டு பெயர் வைத்தது. அதே வருடம் ஜேர்மானியரான புட்டனான்டும் சுவிற்சர்லாந்தில் ருஸிக்காவும் கொலஸ்ரோலில் இருந்து அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். இருவருக்கும் 1939 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி காளைகள் தேவையில்லை. ஆனா புதுச் சிக்கல் ஒன்று வந்தது. டெஸ்டோஸ்டெரோனை அப்படியே விழுங்கினால் குடலில் இருந்து நேரே ஈரலுக்குப் போய், அங்கேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். ஈரலுக்குத் தப்புவதற்காக அதன் மூலக்கூறை மாற்றி மெதைல் டெஸ்டோஸ்டெரோன் என்ற மாத்திரையைச் செய்தார்கள். அது குருதிக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனா ஈரலைப் பழுதாக்கவும் செய்தது. அதனால்தான் எண்ணெயில் கரைத்துத் தசையில் போடும் ஊசி, தோலில் பூசும் ஜெல் போன்ற வழிகள் வந்தன. ஜிம் வட்டாரங்களில் கைமாறும் மாத்திரைகளில் பல இன்றைக்கும் அந்தப் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஊசியை விட மாத்திரை பாதுகாப்பு எண்டு நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பதக்கங்களின் விலை

1950களில் சோவியத் பளுதூக்கும் வீரர்கள் டெஸ்டோஸ்டெரோன் எடுக்கிறார்கள் என்ற செய்தி, அமெரிக்க அணியின் மருத்துவர் ஜோன் சீக்லரின் காதுக்கு எட்டியது. 1958 இல் சீபா நிறுவனம் டயனபோல் என்ற மாத்திரையைக் கொண்டுவந்தபோது அவர் அதைத் தன் வீரர்களுக்குச் சிறிய அளவில் கொடுத்தார். வீரர்கள் அவர் சொன்ன அளவோடு நிற்கவில்லை. ஒன்றுக்குப் பலன் இருந்தால் பத்துக்கு எவ்வளவு இருக்கும் எண்டு கணக்குப் போட்டார்கள். பின்னாளில் சீக்லர் இதில் இறங்கியதற்காகவே வருந்தினார்.

கிழக்கு ஜேர்மனியில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே 1974 இல் இருந்து இது அரசின் இரகசியத் திட்டம். ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களுக்கு, பதின்ம வயதுப் பிள்ளைகள் உட்பட, ஓரல் டியூரினபோல் என்ற நீல நிற மாத்திரை கொடுக்கப்பட்டது. பலருக்கு அது விற்றமின் எண்டு சொல்லப்பட்டது. சிறுமிகளின் குரல் தடித்தது, மாதவிடாய் குழம்பியது, பலருக்கு ஈரலும் இதயமும் பாதிக்கப்பட்டன. 2000 இல் பேர்லின் நீதிமன்றம் அத்திட்டத்தின் தலைமைகளில் இருவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

எங்கட நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டில், 72 வருடங்களுக்குப் பிறகு இலங்கைக்குக் குத்துச்சண்டையில் தங்கம் கிடைத்தது. டெஸ்டோஸ்டெரோனின் உறவான நாண்ட்ரலோன் வீரரின் மாதிரியில் இருந்ததால் அந்தப் பதக்கம் பறிபோனது.

என்ன மருந்து, எவ்வளவு, ஏன் என்பதைத் தெரிந்துகொள்வது உடம்புக்குச் சொந்தக்காரரின் உரிமை. பெயர்ச்சீட்டு இல்லாத போத்தல், இன்னொருவருக்கு எழுதிய மருந்து, "இது வெறும் விற்றமின்தான்" என்ற உறுதிமொழி, இவை மூன்றும் அந்த உரிமையைப் பறிப்பவை. விளையாட்டில் இருப்பவர்கள், மருத்துவர் எழுதிய மருந்தாக இருந்தாலும் எடுக்க முன்னரே அனுமதி கேட்க வேண்டும்.

ஆண்மை மருந்து செய்த கருத்தடை

கன பேருக்குத் தெரியாத ஒரு விசயம். டெஸ்டோஸ்டெரோனை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே பரிசோதித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டுப் பார்த்து, முடிவை 1990 இல் வெளியிட்டது. ஆறு மாதத்துக்குள் 157 பேரின் விந்தில் விந்தணுவே இல்லாமல் போனது.

காரணம் எளிது. வெளியில் இருந்து ஓமோன் வந்ததும் மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி, தேவையான அளவு இருக்கிறது எண்டு நினைத்து விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனா மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். அதிக அளவில் பல காலம் போட்டவர்களுக்கு அந்த உறுதியும் இல்லை. "ஆம்பிளைத்தனம்" கூடும் எண்டு போடும் ஊசி தகப்பனாகும் வழியை அடைத்துவிடலாம். பிள்ளை பற்றி மருத்துவர் கேட்கும் கேள்வி இதனால்தான். நீண்ட காலம் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் கடும் சோர்வும் மனச்சோர்வும் வரலாம். அதையும் மருத்துவரோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

இந்த மருந்து யாருக்கு?

இது கெட்ட மருந்து எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. விதைகளோ கபச்சுரப்பியோ பழுதானவர்களுக்கு இது வாழ்க்கையைத் திருப்பித் தருகிறது. திருநம்பிகளுக்கும் அப்படித்தான். 1930களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மைக்கல் டிலன் டெஸ்டோஸ்டெரோன் மாத்திரை எடுக்கத் தொடங்கினார். இந்த மருந்தோடு ஆணாக வாழ்ந்தவர்களில் முதலாவதாக அறியப்படுபவர் அவர். பின்பு தானே மருத்துவராகி, கப்பலில் வேலை செய்து, பௌத்த துறவியாகி, 1962 இல் இந்தியாவின் டல்ஹௌசியில் இறந்தார். அவர் தொடங்கிய காலத்தில் வழிகாட்டும் விதி எதுவும் இல்லை. இன்று இருக்கிறது. இலங்கையிலும் 2016 சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைக்குப் பிறகு பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு ஒரு வழி இருக்கிறது. வெட்கத்திலோ பயத்திலோ மறைவாக மருந்து வாங்குபவருக்குத்தான் ஆபத்து அதிகம். கருப்பை உள்ள ஒருவர் இதை எடுத்தால் மாதவிடாய் நின்றாலும் கர்ப்பம் தரிக்கலாம், அந்தக் கருவுக்கு இந்த மருந்து கேடு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அண்மைய விதிகளும் அனுபவத்தில் வந்தவைதான். தகப்பன் தோலில் பூசிய ஜெல் குழந்தையில் பட்டு, சின்ன வயதிலேயே பருவமடையும் அறிகுறிகள் வந்த சம்பவங்களுக்குப் பிறகு, 2009 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கையை ஜெல்லில் சேர்த்தது. பூசினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், காய்ந்த பிறகு அந்த இடத்தை உடுப்பால் மூட வேண்டும்.

2023 இல் 5,200க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்று வெளியானது. உண்மையாகவே ஓமோன் குறைந்த, இதய நோய் ஆபத்துள்ள நடுத்தர, முதிய வயது ஆண்கள் அவர்கள். கண்காணிப்போடு கொடுத்தபோது மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனா இதயத் துடிப்பு ஒழுங்கின்மையும், நுரையீரலில் குருதிக்கட்டியும், சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக இருந்தன. இந்த ஆறுதல் ஜிம் அளவுகளுக்குப் பொருந்தாது.

டெஸ்டோஸ்டெரோன் செங்குருதிக்கலங்களைக் கூட்டும். கூடினால் குருதி தடிக்கும். ஹீமட்டோகிரிட் 54 வீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, ஏன் எண்டு பார்ப்பது வழக்கம். தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு முறை, பிறகு வருடா வருடம் குருதியைப் பார்க்கச் சொல்வது இதற்காக. வயதானவர்களுக்கு முன்னிற்கும் சுரப்பியையும் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே மறைவாகப் போடுகிறவர்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்கிறோம். ஊசியை ஒருவரோடும் பகிர வேண்டாம், எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சியும் அப்படித்தான் பரவும். நெஞ்சு நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனால், என்ன போட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது தெரிந்தால்தான் சரியான பரிசோதனையைத் தொடங்கலாம்.