ஆயாக் கொட்டகையும் அண்டை வீடும்

பேரா மாநிலத்துப் பீடோர் வட்டார ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பால்மரம் சீவப் புறப்பட்ட தாய்மார் தம் மழலையரை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். உழைத்துத் தளர்ந்த மூதாட்டியரே பெரும்பாலும் ஆயாக்கள். அவர்கள் தொட்டிலாட்டிக் காத்ததனாலேயே அன்னையர் மரத்தடியில் நின்று உழைக்க இயன்றது. அப்பணிக்குரிய கூலியைத் தோட்ட நிருவாகம் அளித்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் புகுந்தபின், அப்பொறுப்பு பாட்டியர்க்கும் அண்டை வீட்டார்க்கும் உரியதாயிற்று. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டமோ, 4 வயதுக்குட்பட்ட நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ கட்டணம் பெற்றுக் காக்கும் இடங்களையே கருதுகிறது. ஓரிரு பிள்ளைகளைக் காப்பவர் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவர். அவர் நோயுற்றால் தாயின் வேலையும் நின்றுவிடும். ஆதலின், அவருக்கு மாற்றுத்துணையும் முதலுதவிப் பயிற்சியும் தக்க கைம்மாறும் கிடைக்கச் செய்தல் ஆலயங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் உரிய கடமையாகும். அன்று தோட்டம் சுமந்ததை இன்று ஊர் சுமத்தல் வேண்டும்.