தையல் பிரிச்சாச்சு, வலி ஏன் இன்னும் போகல? (ஒரு நீண்ட த்ரெட்)

1/ நுரையீரல், இதயம்னு நெஞ்சுல ஆபரேஷன் செஞ்சவங்க பலர் ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சும் சொல்ற விஷயம் இது. தழும்புப் பக்கம் எரியுது. சட்டை உரசினாலே கூசுது. இருமினா சுருக்னு குத்துது. எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் நார்மல். உடனே சுத்தி இருக்கறவங்க, "உயிர் பிழைச்சதே பெருசு, இன்னும் என்ன வலி? எல்லாம் மனப்பிரமை"ன்னு சொல்லிடுவாங்க.

2/ மனப்பிரமை இல்லைங்க. இந்த வலிக்கு மருத்துவத்துல ஒரு பெயர் இருக்கு. ஆனா டாக்டர்கள் இதைக் கவனிச்சு எழுதினதுக்கும், உலக நோய்ப்பட்டியல்ல இது இடம் பிடிச்சதுக்கும் நடுவுல 75 வருஷம் ஓடிப்போச்சு. ஏன் அவ்வளவு தாமதம்னு பார்ப்போம்.

3/ முதல்ல, நெஞ்சைத் திறப்பதே ஒரு காலத்தில் உயிருக்கு ஆபத்து. திறந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். 1904ல் ஜெர்மன் சர்ஜன் சாவர்ப்ரூக் இதுக்கு ஒரு அறை செஞ்சார். அறைக்குள்ள காற்றழுத்தம் குறைவு. நோயாளியின் தலை மட்டும் வெளியே, உடம்பும் சர்ஜனும் உள்ளே! பின்னாடி மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் விட்டுக் காற்று செலுத்தும் முறை வந்ததும் அந்த அறைக்கு வேலை இல்லாம போச்சு.

4/ 1933 ஏப்ரல் 5, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். புற்றுநோய் வந்த ஒரு பக்க நுரையீரலை எவார்ட்ஸ் கிரஹாம் முழுசா எடுத்தார். நோயாளியும் ஒரு டாக்டர்தான். அவர் அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 30 வருஷம் வாழ்ந்தார். கிரஹாம் 1957ல் இறந்தார், அதுவும் நுரையீரல் புற்றுநோயால்.

5/ அந்தக் காலத்துல ஒரே கேள்விதான்: ஆள் பிழைச்சாரா, இல்லையா? பாதிப் பேர் டேபிள்லயே போயிடுவாங்களோன்னு பயந்த காலத்துல அது நியாயமான கேள்வி. ஆனா பிழைச்சவர் எப்படி இருக்கார்னு கேட்கும் பழக்கம் வரவே இல்லை.

6/ முதல் பதிவு போர்க்காலத்தில் வந்தது. 1944ல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் சர்ஜன்கள் பிளேட்ஸ், டூகன் இருவரும், நெஞ்சில் காயம்பட்டு ஆபரேஷன் ஆன வீரர்கள் சிலருக்கு விலா எலும்புகளுக்கு இடையே வலி நீடிக்குதுன்னு எழுதினாங்க. இந்த வலியைப் பத்தி எழுதறவங்க இன்னைக்கும் இதைத்தான் ஆரம்பமா காட்டுவாங்க.

7/ வலி எங்கிருந்து வருது? ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் ஒரு பள்ளம் இருக்கு. அதுல மேலிருந்து கீழா சிரை, தமனி, நரம்புன்னு மூணு ஓடும். நரம்புதான் கடைசி, அதுக்குத்தான் பாதுகாப்பும் குறைவு. விலாவை விரிக்கும் கருவியில நசுங்கறதும் அதுதான், மூடும்போது எலும்பைச் சுத்திப் போடுற தையல்ல இறுகுறதும் அதுதான். பைபாஸ்ல நெஞ்செலும்பைப் பிளந்து, உள்பக்கத் தமனியைப் பிரிச்சு எடுக்கும்போதும் பக்கத்து நரம்புகள் அடிபடலாம்.

8/ அடிபட்ட நரம்பு, மேல்தோல் ஆறின பிறகும் "வலி, வலி"ன்னு மூளைக்குத் தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கும். தண்டுவடமும் மூளையும் நாளடைவில் அந்தத் தகவலைப் பெருசாக்கிக் கேட்கப் பழகிடும். அதனாலதான் ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது.

9/ நரம்பு அடிபட்டா தீயாய் எரியும்னு அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே தெரியும். குண்டடி பட்ட வீரர்களைப் பார்த்து வெயர் மிட்சலும் கூட்டாளிகளும் 1864லேயே புத்தகம் போட்டாங்க. வலிக்குன்னு தனித்துறை வளர்ந்ததில் ஜான் போனிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. மல்யுத்தம் செஞ்சே மருத்துவம் படிச்சவர், அந்த அடிகளின் வலி கடைசிவரை அவரை விடல. 1953ல் வலி சிகிச்சைக்கான பெரிய நூலை எழுதினார். 1973ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் உருவாகவும் அவர்தான் காரணம்.

10/ இந்த வரலாற்றுல திருப்பம் 1998. ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்தில் 10 வலி கிளினிக்குகளுக்கு வந்த 5,130 பேரை குரோம்பி, டேவிஸ், மக்ரே கணக்கெடுத்தாங்க. 22.5% பேருக்கு வலிக்குக் காரணங்களில் ஒண்ணு, முன்னாடி நடந்த ஆபரேஷன்! அஞ்சு பேர்ல ஒருத்தருக்கும் மேல.

11/ ஏன் அதுவரை தெரியல? காயம் ஆறிடுச்சுன்னு பார்த்து சர்ஜன் அனுப்பிடுவார். வலியோட அந்த ஆள் வேற டாக்டர்கிட்ட, வேற ஊர்ல போய் நிப்பார். ரெண்டு நோட்டையும் பக்கத்துல வச்சு யாரும் பார்க்கல.

12/ அப்புறம் எண்ண ஆரம்பிச்சாங்க. நெஞ்சைப் பக்கவாட்டில் திறந்த ஆபரேஷன் பற்றிய பல ஆய்வுகளை 2014ல் சேர்த்துப் பார்த்தப்போ, 6 மாசம் கழிச்சும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் வலி இருந்தது. பெரும்பாலானவங்களுக்கு லேசான வலிதான். சிலருக்குத் தூக்கத்தையே கெடுக்கும்.

13/ எண்ணினதால ஆபரேஷனும் மாறிச்சு. நரம்பு இறுகாம இருக்க எலும்பில் துளை போட்டுத் தைக்கும் முறையை 2003ல் செஞ்சு காட்டினாங்க. சிறு துளை வழியா கேமரா விட்டுச் செய்யும் முறையில் வலி குறைவுன்னு 2016ல் டென்மார்க் ஆய்வு சொல்லிச்சு. குறைவுதான், பூஜ்யம் இல்லை.

14/ 2019ல் உலக சுகாதார சபை ஏற்ற ஐசிடி-11 நோய்ப்பட்டியல்ல "அறுவைக்குப் பின்னான நாட்பட்ட வலி" தனி இடம் பிடிச்சது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆபரேஷனுக்குப் பிறகு 3 மாசத்துக்கு மேல் வலி நீடிச்சு, அதுக்கு வேற காரணம் இல்லைன்னா, அதுதான் இது.

15/ பெயர் வந்ததால என்ன லாபம்? "வலி இருக்கு"ன்னு சொல்றவங்க இனி அதை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் தோத்துப்போச்சுன்னும் அர்த்தமில்லை. சாதாரண வலி மாத்திரை இதுக்கு அவ்வளவா கேட்காது. நரம்பு வலிக்கான மாத்திரைகள், மரத்துப்போகும் பட்டை, நரம்புக்கு ஊசி, பிசியோதெரபின்னு வழிகள் இருக்கு. எதுவும் டாக்டர் சொல்லித்தான், மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்காதீங்க. எல்லாருக்கும் முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். நிறைய பேருக்கு நல்லா தூங்குற அளவுக்குக் குறைக்க முடியும்.

16/ எச்சரிக்கை: குறைஞ்ச வலி திரும்பக் கூடினா, காய்ச்சல், மூச்சுத்திணறல், தழும்புல சீழ், எடை குறையறது, நடந்தா நெஞ்சு இறுக்கம்னு எது வந்தாலும் இது அந்தப் பழைய வலிதான்னு விடாதீங்க. உடனே காட்டுங்க.

17/ வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா, அடுத்த செக்கப்புக்கு ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்து அனுப்புங்க: எங்க வலிக்குது, எரிச்சலா குத்தலா, எத்தனை மாசமா, தூக்கம் கெடுதா. டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.