மணலில் தொலைத்தவையும் மணலில் புதைத்தவையும்

இங்கிலாந்தின் கடற்கரைகளில், விடுமுறைக் கூட்டம் கலைந்த பின், வட்டத் தட்டொன்று பொருத்திய நீண்ட தடியினால் மணலைத் தடவியபடி நடப்போரைப் புலம்பெயர்ந்த நம்மவர் பலரும் கண்டிருப்பர். குளிக்க வந்தோர் தொலைத்த மோதிரங்களையும் நாணயங்களையும் தேடுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அவ்வகைக் கருவியை நான் முதலில் அறிந்தது கொழும்புச் சோதனைச்சாவடியில். அடுத்து, 2002 யுத்தநிறுத்தத்தின் பின், வன்னியில் மிதிவெடி அகற்றுவோரின் கைகளில்.

அதன் வரலாறு ஒரு கொலையோடு தொடங்குகிறது. 1881 ஜூலை 2இல் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் சுடப்பட்டார். உடலினுள் தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசியால் புகழ்பெற்றிருந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல் மின்காந்தக் கருவியொன்றை அமைத்தார். வலப்புறத்தைச் சோதிக்கவே மருத்துவர் இடமளித்தார். குண்டோ இடப்புறம் இருந்தது. செப்டெம்பர் 19இல் ஜனாதிபதி காலமானார்.

கடற்கரைகளுக்கு அதனைக் கொண்டுவந்தது யுத்தமே. 1940இல் ஜேர்மனியப் படையெடுப்புக்கு அஞ்சிய பிரித்தானியா தன் சொந்தக் கரைகளில் மிதிவெடிகளைப் புதைத்தது. ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையதிகாரி ஜோசப் கொசாக்கி உருவாக்கிய கருவி, 1942 அக்டோபரில் எல் அலமெயின் போர்க்களத்தில் பயன்பட்டது. யுத்தம் முடிந்ததும் எஞ்சிய கருவிகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. புதையல் தேடும் பொழுதுபோக்கு அவற்றோடு வளர்ந்தது. ஆயினும் நோர்போக்கின் டிரிமிங்ஹாம் கடற்கரை 1966 வரை மக்களுக்குத் திறக்கப்படவில்லை. இடிந்து சரிந்த கரைமேட்டு மண், மிதிவெடிகளை மேலும் ஆழத்தில் மூடியிருந்தது.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களின் பின், மட்டக்களப்பு கல்லடிக் கரையில் ஒரு பெண் வெறுங்கைகளால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். அலை அறுத்துச் சென்ற தாலிக்கொடியைத் தேடுவதாகச் சொன்னார். கணவர் உயிருடன் உள்ளாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மிதிவெடி தேடுவோரிடம் அந்தக் கருவியைச் சற்று இரவல் கேட்கலாமா என்று அவரே என்னிடம் வினவினார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கருவியின் இயல்பைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். உப்புநீர் ஊறிய மணல் தானே மின்சாரத்தைக் கடத்துவதால், சாதாரணக் கருவி பொய்யொலி எழுப்பும். முழு வளையமான மோதிரம் தெளிவாக ஒலிக்கும். நுண்ணிய கண்ணிகளாலான சங்கிலியின் ஒலியோ மிக மெலிது. தங்கம் மணலைவிட ஆறு மடங்குக்கு மேல் அடர்ந்தது. அலை கலக்கக் கலக்க ஆழத்துக்கு இறங்கிவிடும். கொடி அகப்பட்டிராது, தாலி மட்டும் ஒருவேளை ஒலித்திருக்கும்.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017 டிசெம்பரில். அதன் பின்னரும் மிதிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இங்கிலாந்துக் கரையில் கருவி ஒலித்தால் மனிதன் ஆவலோடு குனிகிறான். எங்கள் மண்ணில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். தொலைந்த மோதிரத்துக்காக மட்டும் அக்கருவி ஒலிக்கும் காலத்தை எங்கள் பிள்ளைகளாவது காணட்டும்.