உறங்கிய தடையாணை: தனஞ்செய் சட்டர்ஜி வழக்கில் காலமும் ஆராய்வும்

2004 ஆகஸ்ட் 14 அதிகாலையில் கொல்கத்தாவின் அலிப்பூர் சிறையில் தனஞ்செய் சட்டர்ஜி தூக்கிலிடப்பட்டார். 1990 மார்ச் 5 அன்று பவானிப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பள்ளி மாணவி ஒருத்தி வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அந்தக் குடியிருப்பின் காவலாளியே குற்றவாளி எனத் தீர்ப்பானது. குற்றத்துக்கும் தூக்குக்கும் இடையே பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடின. இந்த இடைவெளியைப் பற்றி இருவிதக் கருத்துகள் நிலவுகின்றன. நீதி அளவுக்கு மீறித் தாமதித்தது என்பது ஒன்று. ஓர் உயிரைப் பறிக்குமுன் ஒவ்வொரு படியிலும் நின்று நிதானித்த சட்டத்தின் பொறுமைக்கு அது சான்று என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும், அந்த ஆண்டுகளில் ஏதோ ஆராயப்பட்டுக்கொண்டிருந்தது என்பதை இரண்டுமே கேள்வியின்றி ஏற்கின்றன. வழக்கின் நாட்குறிப்பு அதை மறுக்கிறது. காலம் நீண்டது, ஆராய்வு நீளவில்லை.

1991 ஆகஸ்டில் அலிப்பூர் அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஓராண்டுக்குள் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது; 1994 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆளுநரும், பின் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவும் அதே ஆண்டில் கருணை மனுக்களை நிராகரித்தனர். கைது முதல் குடியரசுத் தலைவரின் மறுப்பு வரை எல்லாப் படிகளும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் முடிந்துவிட்டன. அதன்பின் தனஞ்செயின் மனுவின்மேல் தூக்கை நிறுத்தி உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்காலத் தடை 2003 வரை நீடித்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் புதிய சாட்சி எவரும் விசாரிக்கப்படவில்லை. பழைய சான்றுகளும் மறுபடி எடைபோடப்படவில்லை. தடையை நீக்கக் கோருவதற்கோ மனுவை விசாரணைக்குக் கொண்டுவருவதற்கோ அரசுத் தரப்பு உரிய காலத்தில் அசையவில்லை. மரண தண்டனைக் கைதி ஒருவர் சிறைக்குள் இருக்க, அவருடைய கோப்பு உறங்கியது. நீளம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

ஆராய வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்றால் இந்த உறக்கத்தை நிர்வாகக் குறை என்று விட்டுவிடலாம். ஆனால் மிச்சமிருந்தது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த நெறிப்படி, மரண தண்டனைக்குரிய அரிதினும் அரிதான வழக்கு எதுவெனக் காண குற்றத்தின் கொடுமையை மட்டும் பார்த்தால் போதாது. குற்றவாளியின் வயது, வாழ்நிலை, திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். 1994 தீர்ப்பு, காக்க வேண்டிய காவலாளியே கொன்றான் என்ற துரோகத்தையும், நீதி கேட்கும் சமூகத்தின் குரலையும் அழுத்தமாகப் பேசியது. அந்தச் சீற்றத்தில் நியாயமுண்டு. ஆயினும் குற்றவாளியைப் பற்றிய ஆய்வு அதில் மிக மெலிந்தே இருக்கிறது. இது ஒரு விமர்சகரின் குறை மட்டுமன்று: 2013இல் சங்கர் கிசன்ராவ் கடே வழக்கில் உச்ச நீதிமன்றமே பழைய தீர்ப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, தனஞ்செய் வழக்கில் தண்டனையைக் குறைக்கக்கூடிய சூழ்நிலைகள் போதிய அளவு விவாதிக்கப்படவில்லை என்று குறிப்பிட்டது. கருணை மனுவிலும் இதே குறைதான். தணிப்புக் காரணங்கள் உள்ளிட்ட முக்கிய விவரங்கள் ஆளுநர் முன் வைக்கப்படவில்லை என்று 2004 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கண்டு, மனுவை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. 1994இல் நேர்ந்த பிழை பத்தாண்டு கழித்துத்தான் கண்ணில் பட்டது. மறுபரிசீலனையோ சில மாதங்களுக்குள் அதே முடிவில் போய் நின்றது.

தாமதம் பற்றிய சட்டமும் தனஞ்செய்க்கு உதவவில்லை. மரண தண்டனை பெற்று எட்டாண்டு தூக்கின் நிழலில் இருந்த வைத்தீஸ்வரனின் வழக்கில், 1983 பிப்ரவரியில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, இரண்டாண்டுக்கு மேற்பட்ட தாமதமே தண்டனையை ஆயுளாகக் குறைக்கப் போதும் என்றார். அடுத்த மாதமே ஷேர் சிங் வழக்கு அந்தக் கால எல்லையை ஏற்க மறுத்தது. 1989இல் திரிவேணிபென் வழக்கு, நீதிமன்றப் படிகள் முடிந்தபின் ஏற்படும் தாமதமே கவனத்துக்குரியது, அதற்கும் நிலையான கால அளவு இல்லை என்று வரையறுத்தது. இந்தப் பாகுபாட்டின் இடுக்கில்தான் தனஞ்செயின் ஒன்பது ஆண்டுகள் விழுந்தன. தடை நீதிமன்றத்துடையது, அதைக் கேட்டவர் கைதி, அதைக் கவனியாமல் விட்டது அரசு. ஆகவே கணக்குச் சொல்ல எவரும் இல்லை.

தடையைக் கேட்டதே அவர்தான், அதன் பயனாக ஒன்பது ஆண்டு உயிர் வாழ்ந்தார், பிறகு அதையே குறை சொல்லலாமா என்ற ஆட்சேபம் வலுவானது. ஆனால் மனுவை விசாரித்து முடிக்கும் வரை தூக்கை நிறுத்துங்கள் என்று கேட்பது, மனுவை விசாரிக்காதீர்கள் என்று கேட்பதாகாது. தண்டனையை நிறைவேற்றும் கடமை அரசினுடையது. கைதியின் மௌனம் அரசின் மெத்தனத்தை மன்னிக்காது. கொல்லப்பட்ட மாணவியின் குடும்பத்துக்கு நியாயம் வேண்டாமா என்பது இதைவிட ஆழமான கேள்வி. அந்தக் குடும்பத்தையும் வதைத்தது இதே உறங்கிய கோப்புதான் என்பதை மறக்கக்கூடாது. மூன்று நீதிமன்றங்கள் குற்றத்தை உறுதி செய்தனவே என்பாரும் உண்டு. உண்மைதான். ஆனால் கொலையைக் கண்ணால் கண்ட சாட்சி எவரும் இல்லாத, சட்டைப் பொத்தான், கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம் போன்ற சூழ்நிலைச் சான்றுகளால் கோக்கப்பட்ட வழக்கு இது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனப் பேராசிரியர்கள் இருவர் அந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கேள்விக்குட்படுத்தி வங்க மொழியில் நூலே எழுதினர். அவர்கள் எழுப்பும் ஐயங்கள் அனைத்தையும் நான் ஏற்கவில்லை. அந்த ஐயங்களைச் சோதிக்க ஒன்பது ஆண்டுகள் கையில் இருந்தும் எவரும் சோதிக்கவில்லை என்பதே என் வாதத்துக்குப் போதும்.

கடைசி மாதங்களிலோ அவசரம் மிகுந்தது. மாநில முதல்வரின் மனைவியே தூக்கை வலியுறுத்திப் பொதுவெளியில் இயக்கம் நடத்தினார். குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ஆகஸ்ட் 4 அன்று மனுவை நிராகரித்தார்; தம் பதவிக்காலத்தில் அவர் நிராகரித்த ஒரே கருணை மனு அதுதான். நிலுவையிலிருந்த வழக்குகள் பெரும்பாலானவற்றில் சமூக, பொருளாதாரச் சார்பு தென்பட்டதாகப் பின்னாளில் எழுதியவரும் அவரே. நிராகரிப்புக்குப் பத்தாம் நாள் தூக்கு. அதற்குள் தனஞ்செய், ஆயுள் கைதி விடுதலைக்குப் பரிசீலிக்கப்படக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு விதித்திருந்த பதினான்கு ஆண்டுக் குறைந்தபட்சச் சிறைவாசத்தைக் கடந்திருந்தார். ஒரே குற்றத்துக்கு ஓர் ஆயுள் தண்டனையின் அளவு சிறையும், அதன்மேல் தூக்கும். 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிராகரிப்பைக் கைதிக்குத் தெரிவித்த நாளிலிருந்து தூக்குக்குக் குறைந்தது பதினான்கு நாள் இடைவெளி வேண்டும் என்று விதித்தது. அவ்விதி அன்று இருந்திருந்தால் ஆகஸ்ட் 14 சட்டவிரோதமாகியிருக்கும். இடைவெளியை நிர்ணயித்த நீதிமன்றம் இன்னொன்றையும் செய்ய வேண்டும்: மரண தண்டனைக் கோப்பு ஒவ்வொன்றிலும் எந்த நாள் எது ஆராயப்பட்டது, எந்த நாள் எதுவும் ஆராயப்படவில்லை என்ற பதிவேட்டை அரசு தாக்கல் செய்யும்வரை, தூக்குக்கு நாள் குறிக்கும் ஆணையில் எந்த நீதிபதியும் கையெழுத்திடக்கூடாது என்று விதிக்க வேண்டும்.